செல்வராசா ஆறுமுகமும் ஆறுமுகம் செல்வராசாவும்

1

"தங்கச்சி, நான் செத்துப்போனனாம்."

செல்வராசா அண்ணை தொலைபேசியில் இப்படித்தான் ஆரம்பித்தார். அலுவலகத்தில் மத்தியான நேரம். பாண் துண்டைக் கடித்த வாயோடு நான் அப்படியே இருந்துவிட்டேன்.

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"நான் சொல்லேல்லை, உங்கடை கொம்பனிதான் சொல்லுது. மனுசிக்குக் கடிதம் போட்டிருக்கிறியள். உங்கள் கணவரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபம் எண்டு. கடை முதலாளியிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான். அவர் கடிதத்தைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். பார்மசியிலையும் கார்ட்டைப் போட்டால் ஏலாதாம். இப்ப சொல்லுங்கோ, நான் ரொட்டி போடுறதோ, படுக்கிறதோ?"

குசினியில் பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. உங்கள் கொம்பனி என்று அவர் சொன்னது உண்மைதான். பிரான்சில் வைத்தியச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். மிச்சத்தைக் கொடுக்க மியூத்துவெல் என்கிற காப்புறுதி நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில்தான் நான் வேலை செய்கிறேன். செல்வராசா அண்ணைக்கும் அங்கேதான் காப்புறுதி. ஆனால் உயிரோடிருக்கிற மனிதனுக்கு அனுதாபக் கடிதம் அனுப்புகிற அளவுக்கு நாங்கள் போவோம் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் எனக்குத் தெரிந்த மனிதனுக்கு.

இது 2016 செப்டம்பரில் நடந்தது. ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம், இதைச் சிரிப்புக் கதையாக எழுதத் தொடங்கி ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுவிட்டதுதான்.

2

ஊரிலிருந்து யாராவது "பிள்ளைக்குப் பிரான்சிலை என்ன வேலை?" என்று கேட்டால் டேட்டாபேஸ் நிர்வாகி என்பேன்.  பிறகு "அப்ப கொம்பியூட்டர்" என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இன்னும் மோசம். கம்ப்யூட்டர்க்காரி என்றால் உலகத்தில் மின்சாரம் ஓடுகிற எதையும் திருத்துவாள் என்று நினைப்பு. நகைக்கடைக்காரர் ஒருவர் என்னைக் கண்டாலே முகட்டில் பூட்டிய கமெராவைக் காட்டி, "உது ரெண்டு நாளாய் வேலை செய்யேல்லை" என்பார்.

உண்மையில் என் வேலை காவல் வேலை. இலட்சக்கணக்கான ஆட்களின் பெயர், பிறந்த திகதி, முகவரி, பிள்ளைகள், பல்லுக் கட்டியது, கண்ணாடி போட்டது எல்லாம் அட்டவணைகளில் வரி வரியாகக் கிடக்கின்றன. ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த வரிகள் தொலையாமல், ஒன்றோடொன்று குழம்பாமல், கேட்டவுடன் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் தினமும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் அந்தப் பிரதியிலிருந்து பழையபடி மீட்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்னை ஒருவருக்கும் ஞாபகம் வராது. ஒருநாள் பிசகினால் முழு மாடியும் என் மேசையைச் சுற்றி நிற்கும். வீட்டில் தினமும் சமைக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

செல்வராசா அண்ணை பழக்கமானதே இந்த வேலையால்தான். லா சப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் அவர் ரொட்டி போடுகிறார். சனிக்கிழமைகளில் நான் இருக்கிற எபினேயிலிருந்து ரயிலில் வந்து வாரத்துக்கு வேண்டிய சாமான் வாங்கிக்கொண்டு, அவரிடம் கொத்துரொட்டிப் பார்சலும் எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் என்ன வேலை என்று கேட்டார். கெட்டுப்போன தரவை மீட்பதற்குப் பிரெஞ்சில் 'ரெஸ்தோறசியோன்' என்பார்கள். நானும் யோசிக்காமல், "ரெஸ்தோறசியோன் செய்யிறன் அண்ணை" என்றேன். அந்த மொழியில் சாப்பாட்டுக் கடைத் தொழிலுக்கும் அதே சொல்தான். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கடையிலை? கையைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே!" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றையிலிருந்து எனக்கு ஒரு முட்டை கூடப் போடுவார்.

3

இனி எங்கள் பெயர்களின் கூத்தைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நடந்தது உங்களுக்கு விளங்காது.

ஊரில் எனக்கு ஒரு பெயரும் அதற்கு முன்னால் ஒரு எழுத்தும்தான் இருந்தன. க. நிர்மலா. அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை. வகுப்பில் இன்னொரு க. நிர்மலாவும் இருந்தாள். டீச்சர் இடாப்புக் கூப்பிடும்போது நெட்டை நிர்மலா, கட்டை நிர்மலா என்று பிரித்துவிடுவார். நான் கட்டை. கோபம் வரும், ஆனால் ஒரு நாளும் ஆள்மாறாட்டம் நடக்கவில்லை.

இங்கே வந்ததும் அந்த ஒற்றை எழுத்தை விரிக்கச் சொன்னார்கள். அது அப்பாவின் பெயரின் முதலெழுத்து. கனகரத்தினம் என்று விரித்தேன். உடனே அப்பா எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டார். விசா கொடுக்கிற பிரெபெக்தூரில் நான் கனகரத்தினம் நிர்மலா. வைத்தியக் கார்டில் நிர்மலா கனகரத்தினம். எது குடும்பப் பெயர், எது என் பெயர் என்று ஒவ்வொரு கந்தோரும் தன் விருப்பத்துக்கு முடிவெடுத்தது. ஒரு தடவை மெறியில், அதுதான் எங்கள் நகரசபைக் கந்தோரில், "மெசியூ கனகரத்தினம்!" என்று ஆம்பிளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள். செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று திடுக்கிட்டு எழும்பிப் போனேன்.

என் மகள் அபிக்கு இது பெரிய மானப்பிரச்சினை. எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். எனக்கு என் அப்பாவின் பெயர், என் கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர், அபிக்கு என் கணவரின் பெயர். "நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் கட்டாமல் இருக்கிறீர்களா என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள்" என்று பிரெஞ்சில் சண்டைக்கு வருவாள். நான் தமிழில் விளக்கத் தொடங்க, காதில் வயரைச் செருகிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

என் அலுவலகத்திலும் இதே தலையிடி இருந்தது. லா சப்பலில் இருக்கிற எங்கள் கிளையில் தமிழ் ஆட்கள் பலர் இரண்டு தரம் பதியப்பட்டிருந்தார்கள். ஒரு தரம் நேராக, ஒரு தரம் தலைகீழாக. இது எப்படி நடக்கிறது என்று என் மேலதிகாரி பிலிப் சாப்பாட்டு மேசையில் கேட்டார். நான் என் பெயரையே எழுதிக் காட்டி விளக்கினேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம். அதை வைத்து ஒரு விதி எழுதுவித்தார். இரண்டு வரிகளில் பெயர்கள் முன்பின்னாக மாறியிருந்து, முகவரியும் ஒன்றாக இருந்து, பிறந்த திகதியும் பொருந்தினால், இரண்டும் ஒரே ஆள். ஒரு வரியில் பிறந்த திகதி வெறுமையாக இருந்தாலும் ஒரே ஆள்தான். இயந்திரம் இரண்டையும் ஒன்றாக்கி, ஒன்றில் இல்லாததை மற்றதிலிருந்து எடுத்து நிரப்பிவிடும்.

அந்த ஓகஸ்டில், பாரிசே லீவில் போயிருந்த நேரம், விதி ஓடியது. அச்சொட்டாக வேலை செய்தது. இரண்டாக இருந்த நானும் ஒன்றானேன். பிலிப் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார்.

அப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் தலைகீழான பெயரோடு இருக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வர வழியில்லை. அவர்களுக்கு அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குடும்பப் பெயர். எங்களுக்கு அது வெகு சுலபம். பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைத்துவிட்டால் போதும்.

4

அண்ணையின் அழைப்பு வந்த பிறகு பிலிப்பிடம் சொல்லிவிட்டு அவருடைய வரியைத் திறந்தேன். பெயர் சரி, பிறந்த திகதி சரி, முகவரி சரி. நிலை என்கிற இடத்தில் மட்டும் மரணம் என்று இருந்தது. ஓகஸ்டுக்கு முந்திய பிரதியை எடுத்து வேறாக விரித்துப் பார்த்தேன். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆறுமுகம் செல்வராசா. ஆறுமுகத்தின் மகனான செல்வராசா அண்ணை. மற்றவர் செல்வராசா ஆறுமுகம். செல்வராசா அண்ணையின் மகன்.

அந்த மகனை நான் கண்டதில்லை. ஆனால் அவனைத் தெரியாதவர்கள் எங்கள் வட்டத்தில் இல்லை. அண்ணை பிரான்சுக்கு வரும்போது மனைவி மலர் அக்காவும் மகனும் வன்னியில் இருந்தார்கள். விசா கிடைத்ததும், அவர்கள் வந்து இறங்குகிற அன்றே பயன்படட்டும் என்று, இரண்டு பேரையும் தன் காப்புறுதியில் பதிந்து வைத்தார். மகனின் பிறப்புப் பத்திரம் பிறகு வரும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு 2009 வந்தது. அந்த மே மாதத்தில் நாங்கள் எல்லோரும் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். நான் இங்கே திரையில் பிரதிகள் சரியா என்று பார்த்துக்கொண்டு, பக்கத்து யன்னலில் செய்தியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி கடற்கரைக்குப் போன கதை சொன்னாள். நான் தலையாட்டினேன்.

முகாமிலிருந்து மலர் அக்கா யாருடையோ போனில் அண்ணையுடன் கதைத்தாராம். "தம்பி எங்களோடை வரேல்லை" என்றாராம். மூன்று வருஷத்துக்குப் பிறகு அக்கா தனியாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அன்றுதொட்டு இரண்டு பேரும் ஒவ்வொரு மே மாதமும் காணாமல் போனவர்களுக்கான கூட்டத்தில் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா மகனைத் தம்பி என்றுதான் சொல்லுவார். பெயரைச் சொல்ல மாட்டார். ஆறுமுகம் மாமனாரின் பெயர் அல்லவா. மாமனாரின் பெயரை வாயால் சொல்லாமல் வளர்ந்த தலைமுறை அது.

எங்கள் நிறுவனத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரும் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். உங்கள் பிள்ளை இந்த வருஷமும் படிக்கிறார் என்பதற்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் அனுப்புங்கள் என்று. பிறந்த திகதி இல்லாததால் இயந்திரத்துக்கு அவனுடைய வயது தெரியாது. அதற்கு அவன் என்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரு தடவை அண்ணை அந்தக் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். "பாருங்கோ தங்கச்சி, உலகத்திலை உங்கடை கொம்பனி ஒண்டுதான் இவனை விசாரிக்குது" என்றார். வேண்டுமென்றால் நிறுத்துவிக்கிறேன் என்றேன். வெடுக்கென்று என் கையிலிருந்து பறித்துக்கொண்டார். "வேண்டாம். வரட்டும்."

அந்த மகனின் வரியைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். நிலை: மரணம். பதிந்தது லா சப்பல் கிளை, ஜூன் மாதம்.

மூடிவிட்டுத் திரும்பத் திறந்து பார்த்தேன்; அப்படியேதான் இருந்தது.  பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு வரியை மூட வேண்டுமென்றால் எங்கள் ஊழியர்கள் ஒரு காரணத்தைத் தெரிவு செய்ய வேண்டும். காரணங்கள் அகர வரிசையில் இருக்கும். பிரெஞ்சில் மரணம் 'தெசே', விலகல் 'தெபார்', விவாகரத்து 'திவோர்ஸ்'. மரணம்தான் முதலில் நிற்கும். அவசரக்காரர்கள் வாசிக்காமலே முதலாவதை அமத்திவிடுவார்கள். இப்படி உயிரோடு கொல்லப்பட்டவர்கள் பலரை நானே திருத்தியிருக்கிறேன். பல வருஷமாகப் பத்திரம் வராத ஒரு பிள்ளையின் வரியை யாரோ ஒரு சோம்பேறி இப்படி மூடியிருக்க வேண்டும். ஓகஸ்டில் விதி ஓடியபோது அப்பனின் பிறந்த திகதியையும் மகனின் மரணத்தையும் இயந்திரம் சேர்த்துத் தைத்துவிட்டது. கிளையில் என்ன பத்திரம் கொடுக்கப்பட்டது, அதில் என்ன திகதி இருந்தது என்பதைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அது வேறு பிரிவு. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

5

திருத்துவதற்கு இரண்டு காகிதம் வேண்டும் என்றார் பிலிப். ஒன்று, செல்வராசா அண்ணை உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழ். இப்படி ஒன்றை இங்கே மெறியில் வாங்கலாம். ஆனால் ஆள் நேரில் போக வேண்டும். அண்ணை போனார். இரண்டு தரம் போனார். முதல் தரம் கொண்டுபோன மின்சாரக் கட்டணத் துண்டு பழசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "மூச்சு விடுறன், கதைக்கிறன், கோவிக்கிறன். அதெல்லாம் காணாதாம் தங்கச்சி, கறண்ட் பில்லும் வேணுமாம்" என்றார். சான்றிதழ் கிடைத்த அன்று அதைக் கடைக்கண்ணாடியில் ஒட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். லா சப்பல் முழுக்க இந்தக் கதைதான். மலர் அக்காவைச் சாமான் கடையில் கண்டபோது நானும் பகிடி விட்டேன். "அக்கா, புது மாப்பிள்ளை பாப்பமோ?" அவர் சிரிக்கவில்லை. வெண்டிக்காயை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது காகிதம் மகனைப் பற்றியது. மரணம் என்று பதிந்தது தவறு என்று குடும்பம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதைத் தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பிலிப்பிடம் கேட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணைக்கு லீவு நாள். லா சப்பலுக்கு அடுத்த ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. சுவரில் மகனின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. காணாமல் போன பிள்ளைகள் உள்ள வீடுகளில் படம் அப்படித்தான் இருக்கும். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் நல்ல செய்தி கொண்டுவந்த பெருமையில் இருந்தேன். பெயர் எப்படிக் குழம்பியது, அகர வரிசையில் எது முதலில் வரும், சோம்பேறி ஊழியர் என்ன செய்திருப்பார் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"அப்ப அவனையுமோ சாக்காட்டினவங்கள்?" என்றார் அண்ணை. அவர் முகம் கறுத்துவிட்டது. பகிடி எல்லாம் போன இடம் தெரியவில்லை. "என்னை என்னவும் சொல்லட்டும். அவனை எப்பிடிச் சொல்லுவாங்கள்? எங்கை வைக்கிறது கையெழுத்து?"

காகிதத்தைக் காட்டினேன். பேனையை எடுத்தார். பக்கத்தில் நின்ற அக்கா காகிதத்தின் மேல் கையை வைத்தார்.

"வைக்காதேங்கோ."

"ஏனப்பா?"

"கிளையிலை இருந்த பிள்ளை பிழையாய்ப் பதியேல்லை. நான் சொன்னதைத்தான் பதிஞ்சது."

அண்ணைக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அக்கா எங்களைப் பார்க்காமல் அந்தக் காகிதத்தைப் பார்த்தே சொன்னார்.

"ஜூன் மாசம் நான்தான் போய்க் குடுத்தனான். என்ரை அண்ணன் ஊரிலை மரணம் பதிஞ்சு பத்திரம் அனுப்பினவர். இஞ்சை மொழிபெயர்ப்பிச்சனான்."

"ஆற்றை மரணம்?"

"ஆறுமுகத்தின்ரை."

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கட்டின புருஷனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பேனை மேசையில் உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே மேசைக்குக் கீழே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு பயமாக இருந்தது.

"வரேல்லை எண்டுதானே நீ சொன்னனீ?" என்றார் அண்ணை.

"ஓம். வரேல்லை எண்டுதான் சொன்னனான். மிச்சத்தைச் சொல்ல முந்தி நீங்கள் ஃபோனிலை, பயப்பிடாதை, தேடுவம் எண்டியள். உங்கடை குரலைக் கேட்டாப் பிறகு எனக்கு வாய் வரேல்லை. நேரிலை சொல்லுவம் எண்டு நினைச்சன். வந்து பாத்தால் இந்தப் படம் தொங்குது, மாலை இல்லாமல்."

"படத்தைப் பிடிச்சுக்கொண்டு என்னோடை நிண்டனியே."

"நிண்டனான்."

"ஒவ்வொரு வருசமும் நிண்டனியே, மலர்."

"ஓம். நிண்டனான்."

அண்ணை சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அக்காதான் கதைத்தார். 

"செப்டம்பர் வந்தால் பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கற் கேட்டுக் கடிதம் வரும். நீங்கள் அதை மடியிலை வைச்சுக்கொண்டு இருப்பியள். எத்தினை வருசத்துக்கு என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போறது? அவனைப் பங்கருக்குப் பக்கத்திலை என்ரை கையாலை வைச்சு மண் தள்ளிப்போட்டு வந்தனான். எனக்குத் தெரியும், அவன் எங்கையும் போகேல்லை. இந்த வருசமும் அந்தக் கடிதம் வந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும் எண்டுதான் போனனான். அதை உங்கடை தலையிலை எழுதுவாங்கள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

எழும்பிப் போவதா இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. தேத்தண்ணியில் ஆடை படர்ந்துவிட்டது. கீழே தெருவில் ஒரு லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணை கேட்டார்.

"அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?"

"கஞ்சி குடிச்சவன். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடிச்சவன்."

அண்ணை தலையை ஆட்டினார். நான் காகிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

6

எபினே ஸ்டேஷனைத் தவறவிட்டு, இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கித் திரும்பி வந்தேன். வீட்டில் அபி, ஏன் பிந்தினாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். தெரிந்த ஆட்களுடைய மகன் ஒருவன் இறந்துவிட்டான் என்றேன். எப்போது என்றாள். 2009 என்றேன். விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, காதில் இருந்த வயரைக் கழற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

எத்தனையோ வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நிலை என்ற இடத்தில் மரணம் என்று போடாதவரை எங்கள் அட்டவணையில் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அன்று இரவு முழுக்க அதுவே தலைக்குள் ஓடியது. தெரியாது என்பதற்கு நாங்கள் ஒரு இடம் வைக்கவில்லை. தெரிந்தும் சொல்ல முடியாது என்பதற்கு எப்படி வைப்பது?

மறுநாள் காலையில் செல்வராசா அண்ணையை மட்டும் பிரித்தெடுத்து உயிரோடு பதிந்தேன். மகனின் வரியைத் தொடவில்லை. பிலிப் கேட்டதற்கு, குடும்பம் யோசிக்கிறது என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

மத்தியானம் அண்ணையின் அழைப்பு வந்தது. பின்னால் ரொட்டி கொத்துகிற சத்தம். வேலைக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் இருக்கிறன் எண்டு போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை."

"அவனுக்கு?"

"நீங்கள் சொல்லாமல் நான் ஒண்டும் செய்யேல்லை."

"மனுசி சொன்னதுதான் சரி. அப்பிடியே விடுங்கோ." கொத்துகிற சத்தத்திலிருந்து விலகி வேறெங்கோ நகர்ந்தார் போல. குரல் கிட்டவாகக் கேட்டது. "பிறந்த திகதி இல்லாதபடியால்தானே ரெண்டு பேரையும் ஒண்டாக்கினது எண்டனீங்கள்?"

"ஓம்."

"எழுதிக்கொள்ளுங்கோ. பிறப்புப் பத்திரம் எப்பவோ என்னட்டை வந்திட்டுது. நான்தான் குடுக்கேல்லை. குடுத்தால் வயசு ஏறும், வயசு ஏறினால் கடிதம் நிண்டுபோம் எண்டு வைச்சிருந்தனான்."

 அவர் நாள், மாதம், வருஷம் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இங்கே கந்தோர்களில் சொல்லிச் சொல்லிப் பழகியதால் பிரெஞ்சில்தான் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பதிந்தேன். பிறந்த திகதி வந்தவுடன் இயந்திரம், நான் பார்க்க முடியாத அந்த மரணப் பத்திரத்தின் திகதியோடு தானாகக் கணக்குப் பார்த்து, இறந்தபோது இருந்த வயதைப் பக்கத்தில் காட்டியது.

"எத்தினை எண்டு காட்டுது?" என்று கேட்டார்.

"பதினாறு, அண்ணை."

"ஓம்," என்றார் செல்வராசா அண்ணை. "அதுக்கடுத்த மாசம் பதினேழு."